பிறந்த வீட்டைக் கடந்த லினக்ஸ்

கணினி வாங்கும்போது அதன் விலையைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்கிறோம். அதனுள் ஓடும் மென்பொருள் வேறொரு வகைச் சில்லில் ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மென்பொருளின் ஆயுளை நிர்ணயிப்பதே அந்தக் கேள்விதான். அதற்கு லினக்ஸின் கதையே நல்ல சான்று.

முதலில் கெர்னல் என்றால் என்ன என்று பார்ப்போம். இயங்குதளத்தின் உட்கருதான் கெர்னல். எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம் கொடுப்பது, இப்போது யாருடைய முறை, வட்டில் எங்கே எழுதுவது என்றெல்லாம் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை.

1991ஆம் ஆண்டு ஃபின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், இண்டெல் 386 சில்லு பொருத்திய தம் கணினிக்காக ஒரு கெர்னலை எழுதினார். ஆகஸ்டு 25ஆம் தேதி அதைப் பற்றி அறிவித்தபோது, இது வெறும் பொழுதுபோக்கு என்றார். வேறு சில்லுக்குக் கொண்டுபோக முடியாதது என்றும் சொன்னார். அதற்கு ‘ஃப்ரீயாக்ஸ்’ என்று பெயர் வைக்க எண்ணியிருந்தார். தம் பெயரைச் சூட்டினால் தற்பெருமையாகத் தோன்றும் என்ற தயக்கம் அவருக்கு. ஆனால், பிறர் எடுத்துக்கொள்வதற்காகக் கோப்புகளைச் சேவைக் கணினியில் வைக்க இடம் கொடுத்த ஆரி லெம்கேவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கோப்புறைக்கு ‘லினக்ஸ்’ என்று அவரே பெயரிட்டுவிட்டார். அதுவே நிலைத்தது.

1992இல் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் லினக்ஸைக் கடுமையாகக் குறை கூறினார். ஒரே வகைச் சில்லோடு அது இறுகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அவர் சொன்ன குறைகளில் ஒன்று. அதில் நியாயம் இருந்தது.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். பாட்டி குழம்பு வைக்கும் முறையை, “மூன்று விறகு எரியும் வரை” என்று எழுதி வைத்தால், எரிவாயு அடுப்பு வாங்கிய பேத்திக்கு அது உதவாது. “கொதித்து எண்ணெய் பிரியும் வரை” என்று எழுதினால் எந்த அடுப்பிலும் சமைக்கலாம். அடுப்பைப் பற்றவைக்கும் முறையை மட்டும் தனித்தாளில் எழுதினால் போதும். கெர்னலைப் புதிய சில்லுக்குக் கொண்டுசெல்வதும் இப்படித்தான்.

அந்தத் தனித்தாளில் என்னென்ன இருக்கும்? கணினி விழித்தெழும் முதல் கட்டம், நினைவக அட்டவணை, ஒரு நிரலிலிருந்து இன்னொரு நிரலுக்குத் தாவும் முறை, விசையை அழுத்தும்போது வரும் குறுக்கீட்டைக் கவனிக்கும் முறை ஆகியவை ஒவ்வொரு சில்லுக்கும் தனியாக எழுதப்பட வேண்டும். கோப்பு முறை, வலைத் தொடர்பு போன்ற பெரும்பகுதி பொதுவானது. புதிய சில்லுக்கான கம்பைலர் அதை அந்தச் சில்லின் மொழிக்கு மாற்றித் தந்துவிடும்.

1994இல் டிஜிட்டல் நிறுவனத்தில் இருந்த ஜோன் ஹால், ஆல்பா சில்லு கொண்ட கணினி ஒன்று லினஸுக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். 386 என்பது 32 பிட் சில்லு, ஆல்பாவோ 64 பிட். நினைவக அட்டவணை 386இல் இரண்டு அடுக்கு, ஆல்பாவில் மூன்று அடுக்கு. லினஸ் பொதுப் பகுதியை மூன்று அடுக்கு இருப்பதாகவே கொண்டு எழுதினார். 386இல் நடு அடுக்கு பெயரளவில் மட்டும் இருக்கும். சில்லுக்கு உரியது ஒரு பக்கம், பொதுவானது மறுபக்கம் என்று கெர்னல் பிரிந்தது. 1995 மார்ச்சில் வந்த 1.2ஆம் பதிப்பு ஆல்பாவிலும் ஓடியது.

பெயர்ப் பிரச்சினை மீண்டும் ஒருமுறை எழுந்தது. ஆர்ம் நிறுவனம் 2011இல் 64 பிட் வடிவமைப்பை அறிவித்து, அதற்கு ‘ஏ-ஆர்ச்64’ என்று பெயரிட்டது. 2012இல் கெர்னலுக்கான நிரலும் அந்தப் பெயரிலேயே வந்தது. இது யாருக்குப் புரியும், ‘ஆர்ம்64’ என்றால் பார்த்ததுமே விளங்குமே என்று லினஸ் உள்ளிட்ட பலர் வாதிட்டனர். கோப்புறையின் பெயர் மாறியது. பெயரில் என்ன இருக்கிறது என்று நாம் கேட்கலாம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதும் நிரலில், பெயர்தான் வழிகாட்டிப் பலகை. பழைய 32 பிட் ஆர்ம் நிரலோடு கலக்காமல், இதைத் தனிக் கோப்புறையிலேயே வைத்தார்கள்.

இந்தப் புதுவரவு 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அதே மாதத்தில், லினக்ஸ் எந்தச் சில்லுக்காகப் பிறந்ததோ அந்த 386க்கான ஆதரவை நீக்கும் மாற்றமும் ஏற்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8ஆம் பதிப்பு முதல், பிறந்த வீட்டிலேயே லினக்ஸுக்கு இடமில்லை! ஆல்பாவின் விற்பனையும் பின்னாளில் நின்றது. ஆனால் லினக்ஸ் நிற்கவில்லை. ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசிகளுக்குள் ஓடுவது அதன் கெர்னல்தான். உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை அனைத்தும் லினக்ஸில் இயங்குபவையே.

கணினித் துறைக்கு வரும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சில்லுகள் வரும், போகும். எது இயந்திரத்துக்கு உரியது, எது எல்லாவற்றுக்கும் பொதுவானது என்று பிரித்தறிந்து எழுதியவரின் உழைப்பு வீணாவதில்லை. கொண்டுபோக முடியாது என்று படைத்தவரே சொன்ன ஒன்று உலகெங்கும் போய்ச் சேர்ந்தது, அவரே தம் நிரலைத் திருத்தி எழுதத் தயங்காததால்தான்.