பழைய கோலத்தில் புதிய காமிரா: குணமும் குறையும்

காமிரா வாங்கும் எண்ணத்துடன் இந்நாளில் கடை வீதிக்குச் செல்வோர் ஒரு விந்தையைக் காணலாம். கண்ணாடிப் பேழையில் அடுக்கிய புத்தம் புதிய கருவிகளுக்கிடையே, நம் தந்தையார் காலத்துக் காமிராவைப் போன்ற தோற்றமுடைய ஒன்று வீற்றிருக்கும். கறுப்புத் தோல் போர்த்தது போன்ற உடலும், மேற்புறத்தில் எண்கள் பொறித்த டயல்களும், பழைய எழுத்தமைப்பில் நிறுவனத்தின் பெயரும் கண்ணைக் கவரும். ஆனால் உள்ளே பிலிம் சுருளுக்கு இடமில்லை. இக்காலத்து மின்னணுச் சாதனமே உண்டு. இவ்வகைக் கருவிகளுள் பெயர் பெற்றது, நிக்கான் நிறுவனம் 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட 'இசட் எஃப்' என்பதாகும்.

இந்தியாவில் இது அறிமுகமானபோது, லென்ஸ் நீங்கலாக உடலின் விலை மட்டுமே ஒன்றரை இலட்சம் ரூபாயைக் கடந்திருந்தது. வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் கொடுத்து, ஊரிலுள்ள பெற்றோருக்கும் பணம் அனுப்பும் குடும்பங்களுக்கு இது சிறு தொகையன்று. தவணை முறையில் வாங்கினாலும் பல மாதங்களின் சேமிப்பு இதற்குப் போய்விடும். ஆகவே, அழகைக் கண்டு மயங்குமுன் இதன் குணத்தையும் குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பது நலம்.

தோற்றம் வந்த வழி

இக்கருவியின் உருவம் 1982ஆம் ஆண்டில் வெளிவந்த நிக்கான் 'எஃப்.எம்.2' காமிராவை ஒட்டி அமைந்தது. நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரமே திறந்து மூடவல்ல ஷட்டர் அதில் இருந்தது. ஒளியை அளந்து காட்டுவதற்கு மட்டுமே அதற்குப் பாட்டரி வேண்டும். அது தீர்ந்துபோனாலும் படமெடுப்பது தடைப்படாது.

அது பிலிமின் காலம். நம் உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்னும் பெயரில் பிலிம்களை நாடெங்கும் அனுப்பியது. ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களே எடுக்கலாமாதலால், ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருந்தது. டிஜிட்டல் காமிராக்கள் பரவியபின் அத்தொழிற்சாலையும் மூடப்பட்டது. அந்நாளைய நிதானத்தைக் கைக்கு மீட்டுத் தருவதாகச் சொல்லியே பழைய கோலக் காமிராக்கள் விற்கப்படுகின்றன. அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதே நம் கேள்வி.

குணங்கள்

முதற் குணம், இது கற்பிக்கும் கருவி என்பதாகும். ஒரு படத்தின் ஒளியை நிர்ணயிப்பவை மூன்று: ஷட்டர் திறந்திருக்கும் நேரம், லென்ஸ் துளையின் அளவு, ஐ.எஸ்.ஓ. எனப்படும் உணர்திறன். இவற்றுள் ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ.வும் இசட் எஃப் காமிராவில் டயல்களாக வெளியே தெரிகின்றன. கண்டோன்மென்ட் நிலையத்துக்குள் விரைந்து வரும் ரயிலைத் தெளிவாகப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் அந்தி மங்கியபின் அதே வேகத்தை வைத்தால் படம் இருண்டுவிடும். டயலைக் கையால் திருப்பிப் பார்க்கும் பிள்ளை இதனை ஒரு மாலைப் பொழுதிற் கற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, கண்ணாடி இல்லாமை. முந்தைய காமிராக்களில் லென்ஸ் வழியே வந்த ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டியது. 'மிரர்லெஸ்' எனப்படும் இவ்வகையில் ஒளி நேரே உணரியின்மேல் விழுகிறது. படம் எவ்வளவு வெளிச்சமாக அமையும் என்பதை எடுக்குமுன்னரே பார்வைத் துளையிற் கண்டறியலாம்.

மூன்றாவது, உள்ளுறுப்புகளின் வலிமை. பழைய பிலிமின் அளவேயான 36க்கு 24 மில்லிமீட்டர் உணரியும், 2 கோடியே 45 இலட்சம் புள்ளிகளும், கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பும் இதில் உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கெனத் தனி விசையும் அமைந்துள்ளது. வீட்டில் பழைய நிக்கான் லென்ஸ் இருப்பின், இணைப்பு வளையம் வாங்கிப் பெரும்பாலானவற்றை இதில் மாட்டலாம். தாத்தாவின் லென்ஸில் பேரன் படமெடுப்பது சிறிய மகிழ்ச்சியன்று.

குறைகள்

குறைகளுள் முதலாவது, கைப்பிடி. முன்புறம் தட்டையாக இருப்பதே இக்கோலத்தின் அழகு. விரல்களுக்குப் பிடிப்பின்மையே அதற்கு நாம் கொடுக்கும் விலை. பாட்டரியும் கார்டும் சேர்த்து உடலின் எடை 710 கிராம். இதனோடு பெரிய லென்ஸையும் பூட்டி, திருமணத்தில் முகூர்த்தம் தொடங்கிப் பந்தி முடியும்வரை தாங்கினால் மணிக்கட்டு நோகும். கைப்பிடியைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். அப்பொழுது அழகில் ஒரு பங்கு மறைந்துபோம்.

இரண்டாவது குறை, கோலம் முழுமை பெறாமை. பழைய காமிராவில் துளையின் அளவை லென்ஸைச் சுற்றியுள்ள எண் வளையமே காட்டும். இதற்கெனப் பழைய தோற்றத்தில் செய்த 40 மில்லிமீட்டர் லென்ஸிலும் அவ்வெண் வளையம் இல்லை. தானியங்கி முறைக்கு மாற்றிவிட்டாலோ, ஷட்டர் டயல் 1/125 என்று காட்ட, காமிரா தன் விருப்பப்படி வேறொரு வேகத்தில் இயங்கும். டயலைப் பார்த்துக் கற்கும் பிள்ளைக்கு இது குழப்பம் தரும். ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 2022இல் வெளியிட்ட 'எக்ஸ் டி5' காமிராவில் இக்குழப்பம் குறைவு. அதன் லென்ஸ்களுட் பலவற்றில் எண் வளையம் உண்டு. தானாக இயங்கவேண்டுமாயின் டயலையே 'ஏ' என்னும் எழுத்துக்குத் திருப்பவேண்டும்.

மூன்றாவதாகச் சில சில்லறைக் குறைகள். கார்டு வைக்கும் இடங்கள் பாட்டரி மூடியின் உள்ளே இருக்கின்றன. இரண்டில் ஒன்று நகமளவேயான மைக்ரோ கார்டுக்கு உரியது. உடலோடு இணைந்த ஃபிளாஷ் விளக்கு இல்லை. நடுக்கம் தாங்கும் அமைப்பு நம் கையின் அசைவைத்தான் தடுக்கும். ஓடியாடும் குழந்தையின் அசைவைத் தடுக்காது. இருண்ட கூடத்தில் குழந்தையைப் படமெடுப்பவர் இதை மறத்தலாகாது.

யாருக்கு உகந்தது?

படக்கலையைப் பழக விரும்பி, நாள்தோறும் கருவியைக் கையாளும் பொறுமையுள்ளவர்க்கு இசட் எஃப் நல்ல துணை. இதே கோலத்தில் 2021இல் வந்த 'இசட் எஃப்.சி.' 445 கிராம் எடையே உள்ளது, உணரி சிறியது, உடலில் நடுக்கம் தாங்கும் அமைப்பு இல்லை, விலையும் குறைவு. பயிலத் தொடங்கும் மாணவர்க்கு அதுவே போதுமானது. ஆண்டுக்கு இருமுறை, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும் படமெடுக்கும் குடும்பத்துக்கு இவ்விரண்டும் வேண்டுவதில்லை. கையிலுள்ள தொலைபேசியே அவ்வேலையைச் செவ்வனே செய்யும். மிஞ்சும் பணத்தில் நல்ல படங்களைக் காகிதத்தில் அச்சிட்டு ஊரிலுள்ள பாட்டிக்கு அனுப்பலாம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படம் அவர் கண்ணில் தினமும் படும்.

வாங்கியே தீருவது என்று முடிவு செய்தவர்கள் கடையில் ஒரு கால் மணி நேரம் லென்ஸுடன் கருவியை ஏந்தி நின்று பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு டயல்களைத் திருப்பிப் பழகவேண்டும். உடலின் விலையோடு லென்ஸ், கார்டு, கைப்பிடி ஆகியவற்றின் விலையையும் கூட்டி, அந்த மொத்தத் தொகையை வீட்டாரிடம் சொல்லிக் கலந்து பேசியபின்னரே பணத்தைக் கட்டவேண்டும்.