குடும்பக் குரூப்பும் கழுத்து வலியும்

"எப்பப் பாரு போனு!" என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால், திட்டு வாங்குவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றுதான் நினைப்போம். இப்போது பல வீடுகளில் நிலைமை தலைகீழ். மகள் அப்பாவைத் திட்டுகிறாள். மாமியாரிடம் நேராகச் சொல்ல முடியாத மருமகள் கணவனிடம் முணுமுணுக்கிறாள். பணி ஓய்வு பெற்றவர், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் தம்பதி, மூட்டு வலியால் தெருவுக்குப் போவதைக் குறைத்துக்கொண்ட பாட்டி ஆகியோரிடம்தான் கைப்பேசிக்குக் கொடுக்க நேரம் மிச்சமிருக்கிறது. ஆனால் சமூக ஊடகத்தையும் உடல்நலத்தையும் பற்றிய அறிவுரைகளில் பெரும்பகுதி பதின்வயதினருக்கே எழுதப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயது நிரம்பாதவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளவே தடை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு அப்படி யாரும் சட்டம் போடப் போவதில்லை, போடவும் கூடாது. சிகாகோவில் இருக்கும் பேரனின் முகத்தை வீடியோ காலில் பார்ப்பதில் கிடைக்கும் தெம்பு எந்த டானிக்கிலும் இல்லை. போன் இருக்கட்டும். ஐம்பது வயது உடம்புக்கு ஏற்ற மாதிரி அதை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் பேச்சு.

தலை குனிந்தால் ஏறும் பாரம்

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது கழுத்துக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. குனியக் குனியத்தான் வேலை கூடுகிறது. நியூயார்க்கின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் வெளியிட்ட கணக்குப்படி, 15 பாகை குனிந்தால் கழுத்தெலும்பு தாங்குவது சுமார் 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. கடையில் விற்கிற 26 கிலோ அரிசி மூட்டையைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத்தான். கணினி மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு இது, உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. குனிந்தால் வலி வந்தே தீரும் என்றும் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், கோணத்தைவிட நேரம்தான் வில்லன். அசையாமல் அரைமணி நேரம் ஒரே நிலையில் இருந்தால், நல்ல கோணமும் வலிக்கத்தான் செய்யும்.

இருபது வயதில் இது ஓய்வெடுத்தால் போய்விடும் பிடிப்பு. ஐம்பதுக்கு மேல் கழுத்தெலும்பில் தேய்மானம் பலருக்கு ஏற்கெனவே தொடங்கியிருக்கும். அதனால் போன் இருக்கும் இடத்துக்குத் தலையைக் கொண்டுபோகாமல், தலை இருக்கும் இடத்துக்குப் போனைக் கொண்டுவாருங்கள். மடியில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் முழங்கைகளை ஊன்றிக்கொண்டால் திரை முகத்துக்கு அருகே உயர்ந்துவிடும். கட்டிலில் இரண்டு தலையணையை அடுக்கி, தாடை நெஞ்சில் இடிக்கப் படுத்துக்கொண்டு பார்ப்பது இருப்பதிலேயே மோசமான நிலை.

வலி கழுத்திலிருந்து கைக்கு இறங்கினாலோ, விரல்கள் மரத்தாலோ, சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினாலோ, நடையில் தள்ளாட்டம் தெரிந்தாலோ எலும்பு மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பார்க்க வேண்டும். இன்னொன்று இதைவிட அவசரம். கழுத்து, தாடை, இடது கை வலியோடு வியர்வையும் மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் அதைப் போன் மீது பழிபோட்டுத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது இதயத்தின் அழைப்பாக இருக்கலாம்.

கட்டைவிரல் சொல்லும் குறை

துணி பிழிகிறவர்களுக்கும் கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மார்களுக்கும் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஒரு வலி வரும். சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வைன் 1895-இல் அதை விவரித்தார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது. ஒரே கையில் போனைப் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் நாளெல்லாம் தள்ளிக்கொண்டிருப்பவர்களும் இந்த வலியோடு மருத்துவரிடம் போகிறார்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாயுங்கள். சுரீரென்று இழுத்தால் அந்தக் கைக்கு ஓய்வு தேவை.

சர்க்கரை நோயாளிகளுக்கு விரல் மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு, சொடுக்கென்று விடுபடும் தொல்லையும் அதிகம். இதற்கு விரலின் தசைநாண் உறையில் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால், நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனை ஒரு கையில் பிடித்து மறு கையின் ஆள்காட்டி விரலால் தள்ளுவது நல்லது. தட்டச்சுக்குப் பதில் விசைப்பலகையில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுத் தமிழில் பேசினால், தானே எழுதிக்கொள்ளும். சில சமயம் விபரீதமாக எழுதும், அனுப்பும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கண்

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறைக்கு மேல் இமைக்கும் கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. அதனால்தான் எரிச்சல், மணல் விழுந்த உறுத்தல். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வது இயல்பாகவே கூடுதல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்ப்பது பழைய யோசனை, செலவில்லாதது. நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கிற கண்ணாடிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். 2023-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அது கண் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை.

பைஃபோகல் போட்டவர்கள் கீழ்ப்பாதிக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கிப் பின்னால் சாய்வார்கள். கழுத்து வலிக்கு இது இன்னொரு காரணம். போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்று சின்ன எழுத்திலேயே வைத்திருப்பவர்கள் நிறைய.

ராத்திரி இரண்டு மணிக்கு

தூங்கும் முன் போன் பார்க்காதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. வயதானவர்களுக்கு ஆபத்து வேறு நேரத்தில் இருக்கிறது. சர்க்கரை நோயாலோ புராஸ்டேட் வீக்கத்தாலோ நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுவார்கள். மணி என்ன என்று போனை எடுப்பார்கள். மணி தெரிவதற்குள் நான்கு செய்திகள் தெரியும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அது பகல். குரூப் கலகலப்பாக இருக்கும். அப்புறம் நாலரை மணிவரை விழிப்புதான்.

இரவில் பிரகாசமான ஒளி தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரப்பைத் தாமதப்படுத்தும். அதைவிட, படிக்கிற விஷயம் மனத்தை எழுப்பி உட்கார வைத்துவிடும். தொடர்ந்து தூக்கம் கெட்டால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்க மறுக்கும். மாத்திரை சரியாகத்தான் போடுகிறார், ஏன் ஏறுகிறது என்று வீட்டில் குழம்புவார்கள். போதாததற்கு, திரையின் வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டு பழகச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் குளியலறை வாசலில் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது பெரிய செலவு, பெரிய வேதனை.

ஒரு டைம்பீஸ், வழியில் ஒரு சின்ன நைட் லேம்ப் வாங்கி வையுங்கள். போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்றால், மணியோசையைக் கூட்டி வைத்துவிட்டு நெட்டை அணைத்துவிடலாம்.

ரீல்ஸ் ஏன் முடிவதில்லை

பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சீரியலுக்குத் 'தொடரும்' உண்டு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் திரையை 2006-இல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். 2020 ஜூனில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. அடுத்த மாதமே, இதே மாதிரி முடிவில்லாமல் குட்டி வீடியோ காட்டும் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். அடுத்த வீடியோ நன்றாக இருக்குமோ, சுமாராக இருக்குமோ தெரியாது. தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை. இதற்காக ஒருவரைச் சுயக்கட்டுப்பாடு இல்லாதவர் என்று குறை சொல்வது அநியாயம். எழுந்து போக வாய்ப்பே தராத மாதிரிதான் அது கட்டப்பட்டிருக்கிறது. மன உறுதியோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு வெளி வேலையை முடிவாக வைத்துக்கொள்வது எளிது. குக்கர் வைத்துவிட்டுப் பாருங்கள், விசில் வந்தால் எழுந்தே ஆகவேண்டும். போனிலேயே ஒவ்வொரு செயலிக்கும் தினசரி நேர வரம்பு வைக்கலாம். அதையும் தள்ளிவிட்டுப் பார்ப்பவர்கள் உண்டு, ஆனால் எவ்வளவு நேரம் போயிற்று என்பதாவது தெரியும்.

குரூப்பில் மாட்டிக்கொண்டவர்கள்

போன் தரும் எரிச்சலில் பாதி உடம்பால் வருவது, பாதி மரியாதைக்காகச் சகித்துக்கொள்வது. காலை ஐந்து மணிக்குத் தாமரைப் பூவோடு வணக்கம். அதற்கு நாற்பது பேர் பதில் வணக்கம். நடுவில் ஒரு மரணச் செய்தி; அதன் கீழே ஆழ்ந்த இரங்கல்கள்; அதற்கும் கீழே, மேலே எதையும் படிக்காத ஒரு மாமா போட்ட ஜாங்கிரி படம். இந்தியர்களின் போன்களைக் காலை வணக்கப் படங்கள் அடைத்துக்கொள்வதைப் பார்த்து, அவற்றைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியையே கூகுள் தன் செயலியில் சேர்த்தது.

சம்பந்தி வீட்டுக் குரூப்பிலிருந்து விலக முடியாது, விலகினால் அது வேறு கதையாகிவிடும். ஆனால் நிரந்தரமாக மியூட் செய்யலாம், அது யாருக்கும் தெரியாது. விலகியே ஆகவேண்டிய குரூப் என்றால், வாட்ஸ்அப்பில் 2022-லிருந்து அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். கண்டவர்கள் கண்ட குரூப்பில் சேர்ப்பதைத் தனியுரிமை அமைப்பில் தடுக்கலாம். நீல டிக்கையும் அணைத்துவிடலாம். ஆனால் குரூப்பில் அது செல்லாது, யார் பார்த்தார்கள் என்பது தெரியத்தான் தெரியும். "பார்த்துட்டும் பதில் போடலையே" என்ற சித்தியின் வருத்தத்துக்கு ஒரு போன் கால்தான் மருந்து. அரசியல், சாதிச் சண்டை நடக்கும் குரூப்பை ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயங்காமல் மியூட் செய்யலாம்.

ஃபார்வர்டில் வந்த வைத்தியம்

கழுத்து வலியால் யாரும் சாவதில்லை. ஃபார்வர்டு வைத்தியத்தால் சாகலாம். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருங்கள்" என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. மருத்துவமனையில், மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டே, திடீரெனத் துடிப்பு தடம் மாறும்போது சில நோயாளிகளை மருத்துவர் இருமச் சொல்வதுண்டு. அது வீட்டில் மாரடைப்புக்குச் செய்யும் முதலுதவி அல்ல. அமெரிக்க இதயச் சங்கமும் இதைப் பரிந்துரைக்கவில்லை. இருமிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் 108-ஐ அழைத்திருக்கலாம். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். குரூப்பில் சுற்ற வேண்டியது இந்தத் தகவல்தான், ஏனோ இது சுற்றுவதில்லை.

அடுத்தது மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள். சர்க்கரை ஒரு நோயே இல்லை, நாற்பது நாள் கஷாயம் போதும் என்று வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் பேசுவார். ஒன்றை முழுதாகப் பார்த்தால் அதே மாதிரி பத்து வரும். எல்லோரும் இதையே சொல்வதாகத் தோன்றும். சர்க்கரை, புற்றுநோய், உயர் ரத்த அழுத்தம் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதற்கு 1954-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கடை நடக்கிறது. சில வகை பிபி மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட எகிறும். மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தவே கூடாது.

ஃபார்வர்டு உயிரைப் பறிப்பது வைத்தியத்தில் மட்டுமல்ல. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நம்பி அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். அப்படிப் பல மாநிலங்களில் நடந்த பிறகுதான் ஃபார்வர்டு செய்வதற்கு அந்த நிறுவனம் வரம்பு வைத்தது. பல கை மாறிய செய்தியில் இப்போது இரட்டை அம்புக்குறி இருக்கும். மருத்துவச் செய்தியில் அந்தக் குறியைப் பார்த்தால் உங்கள் கையோடு நிறுத்துங்கள்; சந்தேகம் தீரவேண்டும் என்றால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்கள்.

சத்தமாக வைத்துப் பார்ப்பவர்

ஹாலில் உட்கார்ந்து ரீல்ஸை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார் என்று வீட்டில் புகார் இருந்தால், அவர் காதைப் பரிசோதியுங்கள். காது மந்தமானவர்களுக்கு நான்கு பேர் பேசும் இடத்தில் பேச்சு பிடிபடாது. "என்ன, என்ன" என்று கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டு, மெல்ல ஒதுங்கி, ஒலியைக் கூட்டிக்கொள்ள முடிந்த போனோடு உட்கார்ந்துவிடுவார்கள். போன் பைத்தியம் என்று நாம் பெயர் வைக்கிறோம். இ.என்.டி. மருத்துவர் ஒரு காது பரிசோதனை எழுதிக் கொடுப்பார், அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம்.

சாப்பாடு, மாத்திரை, மாலை நடை மூன்றும் போனால் தவறிப் போகிறதா, போனை வைத்த பிறகும் முகத்தில் சோர்வு மாறவில்லையா, பிடித்த விஷயங்களில்கூட ஆர்வமில்லையா என்று பாருங்கள். மனச்சோர்வாக இருக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேசத் தயங்கினால், அவருக்காக வீட்டில் இருப்பவரும் அழைத்து யோசனை கேட்கலாம்.