பல்லு பத்திரம் பாஸ்!

மவுன்டன் பைக் வாங்கியாச்சு. தலைக்கு ஹெல்மெட், கைக்கு க்ளவுஸ், முட்டிக்கு பேட்... எல்லாம் ரெடி. உங்களுக்குப் பாதுகாப்பு ஓகே. சைக்கிளுக்கு? ரெண்டு பெடலுக்கும் நடுவுல, தரையிலேர்ந்து ஒரு ஜாண் உயரத்துல, முப்பது நாப்பது பல்லையும் காட்டிக்கிட்டு ஒருத்தர் சுத்திக்கிட்டிருக்காரே... அவருக்கு யார் ஹெல்மெட் மாட்டறது?

அவர் பேரு செயின்ரிங். முன்னாடி இருக்கற பல்சக்கரம். அவருக்கான ஹெல்மெட்தான் 'பேஷ் கார்டு'. 'பேஷ் பேஷ்'னு பாராட்டற பேஷ் இல்லீங்க. இங்கிலீஷ்ல பேஷ்னா ஓங்கி மோதறது. மோதலைத் தன் மேல வாங்கிக்கிட்டு, பல்லையும் செயினையும் காப்பாத்தற தகடு இது. பாக்க சாதாரண வட்டம். ஆனா தப்பா வாங்கினா, நூறு ரூபாய்ல முடிய வேண்டிய சேதத்தை ஆயிரக்கணக்குல கொண்டுபோய் விட்டுடும். அதனால கொஞ்சம் யோசிச்சுத்தான் வாங்கணும்.

ஒரே ஒரு 'டங்'!

காட்டுப் பாதையில குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடக்குது. முன் சக்கரத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாச்சு. பின் சக்கரம் இன்னும் ஏறலை. அந்த இடைவெளியில உங்க எடை, சைக்கிள் எடை ரெண்டையும் சேர்த்து கட்டை மேல உக்கார்றது யாரு? செயின்ரிங்தான். பல்லுக்கும் கட்டைக்கும் நடுவுல மாட்டி நசுங்கறது செயின். கட்டைக்குப் பதிலா பாறைன்னா கேக்கவே வேண்டாம்.

'டங்'னு ஒரு சத்தம். அப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு பல் லேசா சாஞ்சிருக்கும். செயின்ல ஒரு கண்ணி வளைஞ்சிருக்கும். அடுத்த ஏத்தத்துல எழுந்து நின்னு மிதிக்கும்போது... பட்! செயின் அறுந்தா பெடல் சட்டுன்னு கீழே இறங்கிடும், நீங்க ஹேண்டில் பார் மேல போய் விழுவீங்க. அடிபடாம தப்பிச்சாலும், தார் ரோடு வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுத்தான் நடக்கணும்.

கனடா காட்டுல வளர்ந்த பிள்ளை

மவுன்டன் பைக்கோட தொட்டில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருக்கும் மரின் கவுன்டி. 1976-ல அங்கே 'ரீபேக்'ங்கற மலைச் சரிவுல பழைய சைக்கிள்களை வெச்சு ரேஸ் விட்டாங்க சில இளைஞர்கள். அது பெரும்பாலும் வறண்ட மண் பாதை. ஆனா 1990-கள்ல கனடாவோட வான்கூவருக்கு வடக்கே, நார்த் ஷோர் மலைகள்ல நடந்தது வேற ஆட்டம். மழைக்காடு. திரும்பின பக்கமெல்லாம் விழுந்து கிடக்கற மரம், பாறை, மரப் பாலம். கட்டை மேல ஏறி இறங்காம அங்கே வண்டி ஓட்டவே முடியாது.

அந்தக் காலத்து மவுன்டன் பைக்ல முன்னாடி மூணு சக்கரம் இருக்கும். 22, 32, 44 பல். கட்டையில முதல்ல இடிக்கறது 44-தான். அதைக் கழட்டிப் போட்டுட்டு, அந்த இடத்துல பல்லே இல்லாத வட்டத் தகடை மாட்டறது பரவலான வழக்கமாச்சு. ரெண்டு லாபம். பல் தப்பிச்சது, தரையிலேர்ந்து உயரமும் கூடிச்சு. செயின் வெளிப்பக்கமா நழுவாமலும் அது தடுத்தது. ட்ரையல்ஸ் போட்டிக்காரங்க இன்னும் ஒரு படி மேல. சுவர் விளிம்புல வேணும்னே பேஷ் கார்டை ஊன்றி நின்னுட்டு, அங்கேர்ந்து அடுத்த தாவல் தாவுவாங்க!

2012-ல ஸ்ராம் கம்பெனி 'எக்ஸ்.எக்ஸ்.1' கொண்டு வந்தப்ப கதை மறுபடி மாறிச்சு. முன்னாடி ஒரே சக்கரம். ஒரு பல் தடிமன், அடுத்த பல் ஒல்லின்னு மாறி மாறி இருக்கறதால செயின் லேசுல நழுவாது. 'அப்ப பேஷ் கார்டுக்கு வேலை போச்சா?' போகலை. அந்தப் பல்லோட வடிவம்தான் செயினைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதுல ஒண்ணு வளைஞ்சா முதலுக்கே மோசம். வேலை அதேதான். உக்கார்ற இடம்தான் மாறிச்சு.

உங்களுக்கு வேணுமா?

காலேஜுக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவுல தார் ரோட்டுல ஓட்டறவங்களுக்கு வேண்டவே வேண்டாம். காசு மிச்சம். மண் பாதையில போனாலும், கல்லு கட்டை இல்லாத இடம்னா தேவைப்படாது.

சந்தேகமா இருந்தா செயின்ரிங்கையே விசாரிக்கலாம். மேடு பள்ளத்துல போகும்போது மிதிக்காம, ரெண்டு பெடலையும் ஒரே மட்டத்துல வெச்சுத்தானே நிப்பீங்க? அதுவும் பெரும்பாலும் ஒரே கால்தான் முன்னாடி இருக்கும். அப்போ தரையைப் பார்த்து இருக்கறது எப்பவும் அதே சில பற்கள்தான். பெடல்களை மட்டமா வெச்சுட்டு கீழே குனிஞ்சு அந்தப் பற்களைப் பாருங்க. கீறல், மழுங்கல், சாய்வு இருக்கா? அப்ப வாங்கிடுங்க. சுத்தமா இருக்கா? காசை டயருக்கு வெச்சுக்குங்க.

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள வண்டின்னா கூடுதல் கவனம். நீங்க ஏறி உக்கார்ந்தாலே அது கொஞ்சம் அமுங்கும், குதிச்சா இன்னும் அமுங்கும். கடையில நிக்கும்போது இருக்கற உயரம் காட்டுல இருக்காது.

இன்னொரு விஷயம். விலை குறைஞ்ச கியர் சைக்கிள்ல பெரிய சக்கரத்துக்கு வெளியே கறுப்பு பிளாஸ்டிக் வட்டம் ஒண்ணு இருக்குமே... அது பேன்ட் செயின்ல மாட்டாம இருக்கறதுக்கு. பாறையைத் தடுக்கும்னு நம்பிடாதீங்க!

அடி எங்கே போகுது?

இதுதான் முக்கியமான கேள்வி. பேஷ் கார்டு அடியை மாயமா மறைச்சுடாது. வாங்கின அடியை வேற எங்கேயாவது அனுப்பித்தான் ஆகணும். எங்கே அனுப்புதுங்கறதை வெச்சு ரெண்டு வகை.

முதல் வகை, கிராங்க்ல மாட்டறது. செயின்ரிங் போல்ட்லயே சேர்ந்து உக்காரும், பெடலோடயே சுத்தும். முழு வட்டம். அடி விழுந்தா அது செயின்ரிங் போல்ட், கிராங்க், நடு ஆக்சில்னு போகும். பெடல் வழியா உங்க காலுக்கும் ஒரு உதறல் வரும். போல்ட்டும் ஆக்சிலும் மாத்தக்கூடிய பார்ட்ஸ். அதனால பழைய மூணு சக்கர வண்டிக்கு இதுதான் எளிமை.

ரெண்டாவது வகை, ஃப்ரேம்ல மாட்டறது. ஆக்சில் இருக்கற குழாயைச் சுத்தி, ஃப்ரேமோடயே மூணு காது மாதிரி போல்ட் துளைகள் வரும். அதுக்குப் பேர் ஐ.எஸ்.சி.ஜி. அதுல மாட்டற கார்டு சுத்தாது. பெரும்பாலும் அடிப்பக்கத்தை மட்டும் மறைக்கும். அந்த வளைவைப் பாத்து 'டாக்கோ'ன்னு பேர் வெச்சுட்டாங்க. கட்டை மேல சறுக்கிக்கிட்டே போகும், எடையும் கம்மி. ஒற்றைச் சக்கர வண்டிகளுக்கு இதுதான் தோது. ஏன்னா புது கிராங்க் பலதுல செயின்ரிங் நேரா கிராங்க்லயே மாட்டிக்கும். தனியா கார்டு மாட்ட போல்ட்டே இருக்காது.

ஆனா இங்கே ஒரு ஆபத்து இருக்கு. அடி நேரா அந்தக் காதுகளுக்குப் போகுது. காது உடைஞ்சா அது ஃப்ரேம்லயே உடைஞ்ச மாதிரி! வண்டியிலேயே விலை அதிகமான பார்ட் அதுதான். அதனால 'இருக்கறதுலயே கெட்டியானது குடுங்கண்ணே'ன்னு கேக்கறது புத்திசாலித்தனம் இல்ல. ஃப்ரேம்ல மாட்டற கார்டு கொஞ்சம் வளையணும், முடியலைன்னா முதல்ல அது உடையணும். அதோட வேலையே அதுதான்.

ஐ.எஸ்.சி.ஜி.-லயும் பழசு, '05'னு ரெண்டு உண்டு. துளைகளோட இடைவெளி வேற வேற. ஒண்ணுக்கு வாங்கினது இன்னொண்ணுல பொருந்தாது. காதே இல்லாத ஃப்ரேமுக்கு, திருகாணி வகை ஆக்சில் கப்போட சேர்த்து இறுக்கற அடாப்டர் கிடைக்கும். பலமா அடிபட்டா அது சுத்திக்கும், பரவாயில்லைன்னா போடலாம்.

வெர்னியர் எடுங்க பாஸ்!

கிராங்க் வகை வாங்கறவங்களுக்கு 'பி.சி.டி.' தெரியணும். போல்ட்கள் உக்கார்ந்திருக்கற வட்டத்தோட விட்டம் அது. நாலு போல்ட் இருந்தா சுலபம். எதிரெதிர் போல்ட்டோட மையத்துக்கு மையம் அளந்தா போதும். மூணு சக்கர மவுன்டன் கிராங்க்ல பரவலா இருக்கறது 104 மி.மீ. எதிர்ப்பக்கம் அளக்க முடியலைன்னா பக்கத்து போல்ட்டை அளங்க. 73.5 மி.மீ. வந்தா அது 104-தான். போல்ட்டே இல்லாம சக்கரங்களை ரிவிட் அடிச்சிருந்தா? விலை குறைஞ்ச வண்டிகள்ல அப்படித்தான் இருக்கும். கிராங்க்கை மாத்தாம பேஷ் கார்டு மாட்ட முடியாது.

அடுத்து சைஸ். இங்கே ஸ்கூல்ல படிச்ச 'சைன்' உதவிக்கு வருது. செயின் கண்ணியோட அளவு 12.7 மி.மீ. அதை, 180-ஐப் பல் எண்ணிக்கையால வகுத்து வர்ற கோணத்தோட சைனால வகுத்தா சக்கரத்தோட விட்டம். 32 பல்லுக்கு சுமார் 130 மி.மீ., 36-க்கு 146, 44-க்கு 178. அதுக்கு வெளியே செயின் சுத்தி வர 4 மி.மீ. நீட்டிக்கிட்டிருக்கும். கார்டு அதையும் தாண்டி சில மி.மீ. வெளியே இருக்கணும். 32 பல்லுக்கு 150 மி.மீ. விட்டம் சரியா வரும்.

சின்னதா வாங்கினா பல் வெளியே எட்டிப் பாக்கும், கார்டு வெறும் அலங்காரம். பெருசா வாங்கினா தரை இடைவெளி போயிடும். 32 பல்லுக்கு 36-க்கான கார்டு போட்டா 8 மி.மீ. நஷ்டம். இடிக்காம தாண்டியிருக்க வேண்டிய கல்லுல இடிப்பீங்க.

அலுமினியமா, பிளாஸ்டிக்கா?

அலுமினியம்: கெட்டி. அடிபட்டா நெளியும், அரத்தால ராவிட்டு மறுபடி ஓட்டலாம். பாறை அதிகம்னா இதுதான்.

பாலிகார்பனேட்: எடை கம்மி. கொஞ்சம் வளைஞ்சு கொடுத்து கட்டை மேல வழுக்கிப் போகும். கீறல் விழும், ஒரு நாள் விரிசலும் விடும். அன்னிக்கு மாத்திடணும்.

கார்பன்: பாக்க அழகு, விலை அதை விட அழகு. பாறையில தட்டினா ஓரம் பிசிறும். ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு டாட்டா காட்டிடலாம்.

நாலாவதா ஒண்ணு இருக்கு, ஓசி கார்டு! கழட்டின பழைய 44 பல் சக்கரத்தைத் தூக்கிப் போடாதீங்க. ஒர்க்ஷாப்ல பல்லையெல்லாம் அரைச்சு எடுத்து, 150 மி.மீ.க்குக் கொண்டு வந்து, ஓரத்தை உருட்டி விட்டா அதுவே பேஷ் கார்டு. துளைகள் ஏற்கெனவே பொருந்தும். கண்ணாடி போடாம அரைக்காதீங்க. ஓரம் கூர்மையா இருந்தா முதல் பலி உங்க கெண்டைக்கால்தான்.

மாட்டின பிறகு

போல்ட்டை ஒரே மூச்சுல இறுக்காம, எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. தகட்டோட தடிமன் மாறினா போல்ட் நீளமும் மாற வேண்டியிருக்கும். முன் கியர் மாத்தற டெரெய்லர் இருந்தா, அதுல 'ஹெச்' திருகாணியைத் திருகி, கார்டுல போய் உரசாதபடி நிறுத்துங்க. 44 போயிட்டதால செயின்லயும் சில கண்ணிகளைக் குறைக்கலாம். முதல் ரைடு முடிஞ்சதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

* பல்லுல அடிபட்ட தடம் இருக்கா?
* முன்னாடி எத்தனை சக்கரம், பெருசுல எத்தனை பல்?
* போல்ட்டா, ரிவிட்டா? போல்ட்னா பி.சி.டி. என்ன?
* ஃப்ரேம்ல மூணு காது இருக்கா? பழசா, 05-ஆ?
* அடிபட்டா எது உடையணும்னு முடிவு பண்ணியாச்சா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். காட்டுல ஏதோ ஒண்ணு உடையத்தான் போகுது. அது ஃப்ரேமா, செயினா, இல்ல சுலபமா மாத்திடற ஒரு தகடாங்கறது உங்க கையிலதான் இருக்கு. உடைய வேண்டியது உடையட்டும் பாஸ்... நீங்க மிதிச்சுக்கிட்டே வீடு வந்து சேருங்க!