மொறிஸ் மைனரின் பொனற்: சரவணையில் அன்றும் இன்றும்

பழைய கார் ஒன்று சரவணையில் எத்தனை வருடம் நின்றது என்று அறிய, பொனற்றின் முன் விளிம்பைத் தடவிப் பார்த்தால் போதும். வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருக்கும் அந்த மடிப்புக்குள்தான் உப்பு குடியிருக்கும். சரவணை இருக்கும் வேலணைத் தீவில் எந்த வளவும் கடலுக்குத் தொலைவில் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உப்பு அந்த இடுக்கில் படிந்து, பெயின்ற் பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் தகட்டைத் தின்றுகொண்டிருக்கும். வெளியே கொப்பளம் தெரிகிற நாளில் விளிம்பு போய் முடிந்திருக்கும்.

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதுவும் ஒஸ்ரின் ஏ40உம் யாழ்ப்பாணத்தாரின் வீட்டுக் கார்களாகவும் வாடகைக் கார்களாகவும் ஆகின. கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை நடத்திய தீவார், கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஊர் வரும்போது, யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வரும் பண்ணைப் பாலத்தைக் கடந்தது பெரும்பாலும் இந்தக் கார்களில்தான். 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததால் புதுப் பொனற் வாங்குவது நினைத்துப் பார்க்கிற காரியமில்லை. ரிங்கர் வேலைக்காரர் கறள் பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, தார்ப் பீப்பாய்த் தகட்டை அளவாக வெட்டி, காஸ் வெல்டிங்கில் ஒட்டி, சுத்தியலால் தட்டித் தட்டி வளைவுக்குக் கொண்டுவருவார். ஒட்டின இடத்தை ஈயத்தால் நிரப்பி அரத்தால் ராவிவிட்டால், கை வைத்துத் தடவினாலும் தெரியாது. அந்தக் கைப்பதம் பள்ளிக்கூடத்தில் கிடைத்ததல்ல.

1990இல் போர் மறுபடி மூண்டது. தீவுப்பகுதிச் சனம் பெருமளவில் இடம்பெயர்ந்தது. குடாநாட்டுக்குள் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் காலத்தில் பொனற் இரவில் மூடி, காலையில் திறக்கிற கதவாயிற்று. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். போத்தலில் சேர்த்து வைத்த பெற்றோலை சேலைன் குழாய் வழியாகக் காபரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய ஆங்கிலேய எஞ்சின்கள் அதைத் தாங்கின. புதிய யப்பான் எஞ்சின்கள் ‘டக் டக்’ என்று அடித்துத் திணறின. மைனர் சாகாமல் இருந்ததற்குப் பாசம் மட்டும் காரணமல்ல, இந்தப் பொறியியலும் காரணம்.

ஒரு விஷயம் இன்றும் மனதை அறுக்கிறது. அதே 1990களில், இதே இலங்கையின் தெற்கில் மொறிஸ் மைனருக்கான உடற்தகடுகளைக் கையால் அடித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் தொழில் நடந்தது. பாத் நகரில் மைனர் திருத்தும் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் அதற்கு வழிசெய்தவர். இலங்கைத் தகடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது, யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை.

இன்றைக்குத் தகட்டின் இடத்தில் பைபர். அதைச் செய்யும் கை வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. பக்கத்துக் காரைநகரில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் படகு கட்டும் தளம் இந்தப் பகுதிக்குப் பைபர் வள்ளத்தைப் பழக்கியது. 2004 சுனாமிக்குப் பிறகு அந்த வள்ளங்கள் இன்னும் பெருகின. வள்ளத்துக்குப் பூசும் அதே ரெசினும் பாயும்தான் பொனற்றுக்கும். நல்ல நிலையில் உள்ள தகட்டுப் பொனற்றில் மெழுகு தடவி அச்சு எடுத்து, அந்த அச்சுக்குள் முதலில் ஜெல்கோற், பிறகு கண்ணாடியிழைப் பாய் என்று படை படையாக வைத்து, உருளையால் காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும்.

“தம்பி, வெயிலுக்கை நிண்டு கலக்காதை. காட்டலிஸ்ற் கூடினால் கைக்குள்ளையே இறுகிப் போகும்” என்று பட்டறையில் மூத்தவர் சொல்வதில் முழு உண்மை இருக்கிறது. நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்குதான் கணக்கு. சரவணை வெயிலில் அதற்கு மேல் போனால் ரெசின் கொதித்து வெடிக்கும்.

அச்சிலிருந்து கழற்றிய பொனற்றை அப்படியே பூட்டுவது தவறு. வெறும் ஓடு ஆடும். அடியில் அட்டைக் குழாயை வைத்து, மேலே பாய் போர்த்தி விலா எலும்பு கட்ட வேண்டும். பிணைச்சல் வரும் இடத்தில் இரும்புப் பட்டையைப் படைகளுக்குள் புதைக்காவிட்டால் நட்டு பைபரைக் கிழித்துக்கொண்டு வரும். சாதாரண பொலியெஸ்டர் ரெசின் 70, 80 பாகை செல்சியஸை நெருங்கினால் இளகும் என்பதால், புகைக்குழாய்க்கு மேலே வெப்பத் தடுப்பு கட்டாயம். ராவும்போது முகமூடி இல்லாமல் நிற்கும் பெடியளைப் பார்த்தால் கோபம் வருகிறது. அந்தத் தூள் தோலில் பட்டால் அரிப்பு. நெஞ்சுக்குள் போனால் அதைவிட மோசம்.

அமெரிக்காவில் பைபர் பொனற்றின் கதை வேறு. போர்ட் நிறுவனம் 1964இல் கட்டிய தண்டர்போல்ட் பந்தயக் கார், பாரத்தைக் குறைக்கப் பைபர் பொனற் போட்டது. 427 கன அங்குல எஞ்சினுக்கு மேலே இடம் போதாமல் நீர்த்துளி வடிவில் ஒரு மேடும் வைத்தது. அந்தப் படங்களைப் பார்த்து மைனருக்கும் மேடு கேட்கிறார்கள் இளையவர்கள். பழைய 948 சிசி எஞ்சினுக்கு அது தேவையே இல்லை. நிசான் எஞ்சின் மாற்றிப் பூட்டி, எயர் கிளீனர் பொனற்றில் முட்டினால் தேவை. அப்போதும் அளந்து, வேண்டிய உயரத்துக்கு மட்டும் எழுப்ப வேண்டும். மேட்டுக்காகப் பொனற்றில் வெட்டிய விளிம்பை நன்றாகச் சரித்து ராவினால்தான் புதுப் படை பழசோடு பிடிக்கும். முன்பக்கம் வாய் திறந்த மேடு மாரி மழையை நேரே எஞ்சினுக்குள் வாங்கும்.

பைபர் போட்டால் கார் ‘ஒரிஜினல்’ இல்லை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தார்ப் பீப்பாயும் சேலைன் குழாயும் சேர்ந்துதான் இந்தக் காரை இன்றுவரை கொண்டுவந்தன. ஆனால் கழற்றிய தகட்டுப் பொனற்றைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது. போர் முடிந்தபின் தெற்கிலிருந்து வந்து பழைய கார்களை வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர். நமக்கு மிஞ்சியவை கொஞ்சம்தான். அடுத்த அச்சு எடுக்க அந்தத் தகடு வேண்டும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மைனரின் பொனற்றுக்குப் பிணைச்சல் கண்ணாடிப் பக்கம், திறப்பது முன்னால். பாரமான தகட்டுக்கு ஒற்றைக் கொளுவி போதும். இலேசான பைபரைப் பண்ணைப் பாலத்தில் காற்று தூக்கினால், அது நேரே வந்து ஓட்டுபவரின் கண்ணாடியில் அடிக்கும். முன்மூலை இரண்டிலும் ஊசிப்பூட்டு போட்ட பிறகுதான் காரை வளவுக்கு வெளியே எடுக்க வேண்டும்.