ஆள் மாறினாலும் ஏடு இருக்க வேண்டும்

கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பற்றி எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் கேள்விப்படாதவர் குறைவு. 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேற்றிக் கொண்டுபோகாமல் 1994-ல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைத்தார்கள். முதலில் மைக்ரோபிலிம், பிறகு டிஜிட்டல் என்று அங்கே பழைய காகிதம் படமாகிக்கொண்டே இருக்கிறது.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னும் எவ்வளவோ காகிதம் இருக்கிறது. பர்மா, மலாயாக் கணக்கேடுகள், இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தங்கள், கல்யாணப் புகைப்படங்கள், நாடக நோட்டீஸ்கள். இவற்றை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும் என்ற ஆசை இப்போது பல வீடுகளுக்கு வந்திருக்கிறது. காரைக்குடியில் சர்வர், நெட்வொர்க் வேலை பார்க்கிற என்னைக் கூப்பிடுவது அதற்கு அடுத்த கட்டத்தில். ஸ்கேன் ஆயிற்று, எங்கே வைப்பது?

அளவைச் சொன்னால் புரியும். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் சுமார் 26 எம்பி. 300 பக்க ஏடு ஒன்று எட்டு ஜிபியைத் தொடும். கல்யாண வீடியோ எடுக்கிறவர்கள் பாடு இதைவிடப் பெரிது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, ஆறு மணி நேரம் என்றால் ஒரே கல்யாணத்துக்கு 810 ஜிபி. செக்காலைப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் பீரோவைத் திறந்தால், மணமக்கள் பேர் எழுதி ஒட்டிய ஹார்டு டிஸ்குகள் வரிசையாக நிற்கும். அவற்றில் எது இன்னும் ஓடும், எது நின்றுபோயிருக்கும் என்று கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு சிறிய ஸ்டுடியோவுக்குக் கடையில் கிடைக்கிற நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைகிற சேமிப்புப் பெட்டி ஒன்றே போதும். அதற்கு மேல் விற்க வருகிறவரை நம்ப வேண்டாம். ஆனால் கல்லூரி, மருத்துவமனை, நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து நடத்துகிற ஆவணக் காப்பகம் என்று வரும்போது ஒரு பெட்டியை நம்பக் கூடாது. மூன்று சர்வர்களை ஒரே சேமிப்பகமாக இணைத்து, ஒவ்வொரு ஃபைலையும் மூன்றிலும் ஒவ்வொரு பிரதி வைக்கச் சொல்லலாம். ஒரு சர்வர் விழுந்தாலும் ஃபைல் இருக்கும். இதற்குக் காசில்லாமல் கிடைக்கிற கட்டற்ற மென்பொருள் செஃப். கலிபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வெய்ல் தன் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது.

இங்கேதான் கேட்வே வருகிறது. செஃப் பேசுகிற மொழி அதற்கே உரியது. ஸ்டுடியோவில் இருக்கிற விண்டோஸ் கம்ப்யூட்டருக்கோ, மேக்குக்கோ, ஸ்கேனருக்கோ அது தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் ஷேர்டு ஃபோல்டர். ஆகவே நடுவில் ஒரு மெஷினை நிறுத்துகிறோம். அது ஒரு பக்கம் செஃப்போடு பேசும், மறுபக்கம் சாம்பா என்ற மென்பொருள் வழியாக விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி பேசும். 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கிய சாம்பா, இன்றும் உலகம் முழுக்க இந்த வேலையைப் பார்க்கிறது. லினக்ஸ் மெஷின்களுக்கு என்எஃப்எஸ் கேட்வே, ஹார்டு டிஸ்க் போலவே தெரிய வேண்டிய இடத்துக்கு ஐஸ்கஸி கேட்வே என்று வகைகள் உண்டு. உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. இசட் டிரைவைத் திறப்பார், ஃபைலைப் போடுவார், அவ்வளவுதான்.

உள்ளே மூன்று சர்வர் வைத்துவிட்டு வாசலில் ஒரே கேட்வேயை நிறுத்தினால் மூன்று வைத்த பலன் போயிற்று. அதனால் கேட்வேயும் குறைந்தது இரண்டு வேண்டும். சிடிடிபி என்ற துணை மென்பொருள் அந்த இரண்டையும் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒன்று படுத்தால் அதன் ஐபி முகவரியை மற்றது எடுத்துக்கொள்ளும். எடிட்டிங் செய்கிறவருக்குச் சில நொடி தடங்கல். மிஞ்சிப் போனால் ஃபைலைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும்.

கேட்க எளிது. ஆனால் இரண்டு கேட்வேயும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சிடிடிபிக்கு மெஷின்களின் முகவரிகளை எழுதிய ஒரு சிறு ஃபைல் உண்டு. எல்லா மெஷினிலும் அதே வரிகள், அதே வரிசையில் இருந்தாக வேண்டும். செஃப்பின் கண்காணிப்பு மெஷின்களுக்கிடையே கடிகாரம் 0.05 நொடிக்கு மேல் விலகினாலே எச்சரிக்கை வரும். ஒரு மெஷினில் ஃபயர்வாலில் ஒரு கதவு திறந்து, மற்றதில் மூடியிருந்தால் பல மாதம் எதுவும் வெளியே தெரியாது. முதல் கேட்வே விழுகிற அன்றைக்குத்தான் இரண்டாவது உதவாது என்று தெரியவரும். கையால் ஒவ்வொரு மெஷினிலும் உட்கார்ந்து அமைத்தால் இந்த வித்தியாசம் எப்படியும் வந்து சேரும். திறமை இல்லாததால் அல்ல, மனிதக் கை என்பதால்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். ஊர் பேர் வேண்டாம். ஒரு அலுவலகத்தில் எல்லாவற்றையும் அமைத்தவர் நல்ல வேலைக்காரர், வெளிநாட்டுக்குப் போய்விட்டார். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எது எதோடு இணைந்திருக்கிறது, ஏன் அப்படி இணைத்தார், எந்த பாஸ்வேர்டு எங்கே என்று சொல்ல ஒரு ஆளும் இல்லை. ஒரு மெஷின் பழுதானபோது அதே மாதிரி இன்னொன்றைக் கட்ட முடியவில்லை. அலுவலகத்தின் சர்வர் பற்றிய அறிவு முழுவதும் ஒரு மனிதரின் தலையில் இருந்தது, அவரோடு விமானம் ஏறிவிட்டது.

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து கொண்டுவிற்றுத் தொழில் செய்த காலத்தில் இப்படி நடக்க விடவில்லை. ரங்கூனுக்கோ பினாங்குக்கோ ஏஜெண்டாகப் போனவருக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்து அடுத்தவர் போய் உட்கார்ந்தால் பேரேட்டைப் பிரித்துக் கடையை நடத்த முடியும். கடையின் நினைவு ஏட்டில் இருந்தது, ஆளிடம் இல்லை. சர்வர் அமைக்கிற எங்கள் தொழிலும் அந்த ஒழுங்குக்கு வர வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. அதற்குக் கருவி கையில் இருக்கிறது.

அதன் பெயர் ஆன்சிபிள். 2012-ல் மைக்கேல் டிஹான் வெளியிட்டார். 2015-ல் ரெட் ஹாட் நிறுவனம் வாங்கியது. இதிலும் அடிப்படை கட்டற்ற மென்பொருள்தான். மெஷின்களின் பட்டியல் ஒரு ஃபைல்: கேட்வே என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர், சேமிப்பகம் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர். பிளேபுக் என்பது இன்னொரு ஃபைல். கடிகாரம் சரியாக இருக்க வேண்டும், சாம்பா நிறுவப்பட்டிருக்க வேண்டும், இந்த ஃபோல்டர் இவர்களுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியும் மெஷின் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். சர்வர்களில் தனியாக எந்த ஏஜெண்ட் மென்பொருளும் வேண்டாம். என் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போய் வேலையை முடித்துவிடும்.

ஓட விட்டால் திரையில் வரி வரியாக வரும். மாற்றம் செய்த இடம் மஞ்சள், ஏற்கெனவே சரியாக இருந்த இடம் பச்சை, தோற்ற இடம் சிவப்பு. முதல் முறை பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அதே பிளேபுக்கை உடனே மறுபடி ஓட விடுவேன். எல்லாம் பச்சையாக வந்து, கடைசி வரியில் மாற்றங்கள் பூஜ்யம் என்று நின்றால்தான் வேலை ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். எழுதியபடி மெஷின் இருக்கிறது, மெஷின் இருக்கிறபடி எழுத்து இருக்கிறது. பிறகு ஒரு கேட்வேயின் கேபிளைப் பிடுங்கி எடுக்கிறேன். வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போதே பிடுங்க வேண்டும். காகிதத்தில் கொடுக்கிற உத்தரவாதத்தைவிட அது நல்லது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு ஏடுகளை ஸ்கேன் செய்தபோது அந்த வீட்டு ஆச்சி கேட்டார்: “தம்பி, எல்லாம் சரிதான். நீ இல்லேன்னா இதை யாரு பாக்குறது?” எழுதிய ஃபைல்களைக் காட்டினேன். “லினக்ஸ் தெரிஞ்ச எந்தப் பையன் வந்தாலும் இதை வெச்சு இன்னொண்ணு கட்டிருவான் ஆச்சி.” எங்கள் ஊரில் படித்த பையன்களுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இங்கே இருக்கிறது, அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கிறது.

சேமிப்பக மென்பொருள் துறையில் நம்மவர் பங்கும் சிறிதல்ல. செஃப் மாதிரியே பல சர்வர்களை ஒன்றாக்கும் குளஸ்டர் என்ற மென்பொருளைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஆனந்த் பாபு பெரியசாமி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்த நிறுவனத்தை 2011-ல் ரெட் ஹாட் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த குளஸ்டர் அடிப்படையிலான ரெட் ஹாட்டின் சேமிப்பகத்துக்கு ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்தது. செஃப்பின் ஐஸ்கஸி கேட்வேயையும் 2022 நவம்பர் முதல் பராமரிப்பு மட்டுமே என்று ஒதுக்கிவிட்டார்கள். எந்த மென்பொருளும் நம் பேரன் காலம் வரை வராது. எழுதி வைத்தவர் பழையதிலிருந்து புதியதுக்குப் போகும்போது எதை மாற்ற வேண்டும் என்று படித்துப் பார்க்கலாம். எழுதாதவர் முதலிலிருந்து தோண்ட வேண்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்று பிரதி இருப்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் மூன்று இடத்திலும் அழியும். வேறு கட்டடத்தில், முடிந்தால் வேறு ஊரில், தினமும் ஒரு நகல் தனியாகப் போக வேண்டும். அந்த வேலையையும் பிளேபுக்கிலேயே எழுதிவிடலாம்.

உங்கள் கல்லூரியிலோ காப்பகத்திலோ யாராவது சர்வர் அமைத்துக் கொடுத்தால், கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: மெஷின் பட்டியல், பிளேபுக், பூட்டி வைத்த பாஸ்வேர்டு ஃபைலும் அதன் சாவியும். ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். கொடுக்க மறுக்கிறவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.