டிக்கெட் இல்லாதவங்களுக்கும் உலகக் கோப்பை உண்டா? தோஹா தெருக்கள் சொன்ன கதை

கால்பந்து மேட்ச் 90 நிமிஷம். எக்ஸ்ட்ரா டைம், பெனால்டின்னு இழுத்தாலும் மூணு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்போ, கடன் வாங்கியாவது உலகக் கோப்பை நடக்கிற ஊருக்கு ஓடுறவங்க, மிச்சம் 21 மணி நேரம் அங்க என்னதான் பண்ணுவாங்க?

பாதி உலகக் கோப்பை நடக்கிறதே அந்த 21 மணி நேரத்துலதான். மெட்ரோ பெட்டியில, டீக்கடை வாசல்ல, பேரே தெரியாத யாரோ தோள்ல கை போட்டுப் பாடுற தெருவுல. இதைப் புரிஞ்சுக்க 2022 கத்தார் உலகக் கோப்பையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஏன்னா, நாடு முழுக்க நடந்ததா பேரு. உண்மையில நடந்தது தோஹாங்கிற ஒரே ஊரிலயும் அதைச் சுத்தியும்தான்.

அங்க மொத்தம் எட்டு ஸ்டேடியம். ரொம்பத் தள்ளித் தள்ளி இருந்த ரெண்டுக்கு நடுவுலயே சுமார் 75 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போற தூரம்னு வெச்சுக்கோங்க. 2014-ல பிரேசில்ல ஒரு மேட்ச் முடிஞ்சா அடுத்ததுக்கு விமானம் பிடிக்கணும். தோஹாவுல மெட்ரோ போதும். எட்டுல அஞ்சு ஸ்டேடியத்துக்கு மெட்ரோவுலயே போயிடலாம், மத்த மூணுக்கு மெட்ரோ ஸ்டேஷன்லிருந்து பஸ். குரூப் சுற்றுல பல நாள் நாலு மேட்ச். உள்ளூர் நேரப்படி மதியம் 1, மாலை 4, இரவு 7, அப்புறம் 10. (நீங்க ஜியோ சினிமாவுல 3.30 மேட்ச்ல ஆரம்பிச்சு 12.30 மேட்ச் வரைக்கும் முழிச்சிருந்தீங்களே, அதேதான்.) அதனால ஒரே நாள்ல ரெண்டு மேட்ச்சை நேர்ல பார்த்தவங்க நிறைய பேர். சமீப கால உலகக் கோப்பைகள்ல இது இவ்வளவு சுலபமா இருந்ததில்லை.

வெளிநாட்டுலேருந்து வர்றவங்களுக்கு ஹய்யா கார்டு கட்டாயம். அதுதான் விசா, அதுதான் மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் இலவச பாஸ். ஸ்டேடியத்துக்குள்ள நுழையவும் டிக்கெட்டோட அது வேணும். டிக்கெட்டும் போன்லதான். நவம்பர் 21, இங்கிலாந்து - ஈரான் மேட்ச் அன்னிக்கு ஃபிஃபாவோட டிக்கெட் ஆப் மக்கர் பண்ணிடுச்சு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினவங்க கேட்டுக்கு வெளியே போனையே பார்த்துட்டு நிக்க, உள்ள மேட்ச் ஆரம்பிச்சுடுச்சு. எந்த ஊர் உலகக் கோப்பைக்குப் போனாலும் ரெண்டு மணி நேரம் முன்னாடியே கேட்டுக்குப் போயிடுங்கனு அனுபவசாலிகள் சொல்றது இதுக்காகத்தான்.

சூக் வாகிஃப் சாயங்காலங்கள்

ஸ்டேடியத்தை விடுங்க. அந்த ஒரு மாசமும் ரசிகர்கள் தினமும் வந்து சேர்ந்த இடம் சூக் வாகிஃப் சந்தை. குறுகலான சந்துகள், ஹூக்கா வாசனை, வல்லூறு விற்கிற கடைகள். அதுக்கு நடுவுல அர்ஜென்டினாக்காரங்க ட்ரம் அடிக்க, மொராக்கோக்காரங்க எதிர்ப்பாட்டு பாட, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஜப்பான்காரர் வீடியோ எடுத்துட்டு இருப்பார். நவம்பர் 22-ம் தேதி சவுதி அரேபியா 2-1னு அர்ஜென்டினாவை ஜெயிச்சப்போ, ‘மெஸ்ஸி எங்கப்பா?’னு தேடுற மாதிரி சவுதி ரசிகர்கள் கலாய்ச்சது ஊர் முழுக்க கேட்டுச்சு. கடைசியில கோப்பையைத் தூக்கினது யாருன்னு உங்களுக்கே தெரியும்.

அந்தச் சந்தை பக்கத்துலதான் உயரமான நாற்காலியில ஒரு கென்யா இளைஞர் உட்கார்ந்திருந்தார். கையில ஸ்பாஞ்ச் கை, வாய்ல மைக். வேலை, மெட்ரோவுக்கு வழி காட்டுறது. சலிப்பு தட்டாம இருக்க அதையே ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பிச்சார். கூட்டம் மொத்தமும் பதில் ராகம் பாடுச்சு. கொஞ்ச நாள்ல அவர் அவ்வளவு பிரபலமாகி, இங்கிலாந்து - அமெரிக்கா மேட்ச்சுக்கு ஸ்டேடியத்துக்கே கூப்பிட்டு ரசிகர்கள் முன்னாடி பேச வெச்சாங்க. கோல் போடாமலே உலகக் கோப்பையில ஸ்டார் ஆனவர்!

பீர் விஷயத்தையும் சொல்லிடணும். போட்டி தொடங்க ரெண்டே நாள் இருக்கும்போது, ஸ்டேடியம் வளாகத்துல பீர் விற்பனை கிடையாதுன்னு அறிவிச்சாங்க. ஹோட்டல் பார்களைத் தவிர, அல் பிதா பூங்காவுல நடந்த ஃபேன் ஃபெஸ்டிவல்லயும் சாயங்காலம் 7 மணிக்கு மேல கிடைச்சது. அரை லிட்டர் 50 ரியால், நம்ம காசுக்கு 1,100 ரூபாய் சொச்சம். ஐரோப்பிய ரசிகர்கள் நிறைய புலம்பினாங்க. ஆனா, இங்கிலாந்து, வேல்ஸ் ரசிகர்கள் ஒருத்தர்கூட கைதாகலைன்னு பிரிட்டன் போலீஸே சொன்னது. ரெண்டையும் நீங்களே முடிச்சுப் போட்டுக்கலாம்.

‘நீங்க நிஜ ரசிகரா?’

இனிமேதான் நமக்கு நெருக்கமான விஷயம். போட்டிக்குச் சில நாள் முன்னாடி, தோஹா கடற்கரைச் சாலையில ஆயிரக்கணக்கானவங்க அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்சி போட்டு, கொடி, மேளத்தோட ஊர்வலம் போனாங்க. வீடியோ வைரல். பார்த்தா பெரும்பாலும் நம்ம முகங்கள், நிறைய பேர் மலையாளிகள். உடனே மேற்கத்திய மீடியாவுலயும் சமூக வலைதளங்கள்லயும் ஒரு கேள்வி: ‘இவங்க நிஜ ரசிகர்களா, காசுக்குக் கூட்டிட்டு வந்த கூட்டமா?’

வீடியோவுல இருந்தவங்களுக்குக் கோபம் வந்ததுல தப்பே இல்லை. கோழிக்கோடு பக்கத்துல புள்ளாவூர்ல, ஆத்துக்கு நடுவுல மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வெச்சு, அதைப் பார்த்த நெய்மர் ரசிகர்கள் அதைவிட உயரமா வெச்சு, ஃபிஃபாவே அந்தப் படத்தைப் பகிர்ந்தது அதே சமயத்துலதான். இந்தக் கட்-அவுட்டுக்கெல்லாம் கத்தாரா காசு கொடுத்துச்சு? 1986-ல மரடோனா ஆடினதை டி.வி-யில பார்த்த தலைமுறையோட பிள்ளைகள் இவங்க. இந்தியா இதுவரை உலகக் கோப்பையில ஒரு மேட்ச்கூட ஆடினதில்லை. 1950-ல வாய்ப்பு கிடைச்சும் போகலை. சொந்த அணி இல்லாதவன் இன்னொரு நாட்டு ஜெர்சியைத்தான் போடணும். வியாசர்பாடி பசங்ககிட்ட இதை விளக்கவே தேவையில்லை.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. கத்தார் செலவுல விமான டிக்கெட், தங்குற இடம் எல்லாம் வாங்கிட்டு வந்த ரசிகர்களும் இருந்தாங்க. போட்டியைப் பத்தி நல்லவிதமா பதிவு போடணும்ங்கிறது ஏற்பாடு. அப்படி வந்தவங்கள்ல ஐரோப்பியர்களும் உண்டு. அவங்க முகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரலை.

சரி, அந்த ஊர்ல வேலை பார்க்கிறவங்களால ஸ்டேடியத்துக்குள்ள போக முடிஞ்சுதா? கத்தார்ல வசிக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு மலிவு டிக்கெட் இருந்தது. குரூப் மேட்ச்சுக்கு 40 ரியால். கேட்கச் சின்ன தொகை. ஆனா, அங்க குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாசம் 1,000 ரியால். 26 வேலை நாள்னு வகுத்தா, 40 ரியால்ங்கிறது ஒரு நாள் கூலிக்கும் கொஞ்சம் மேல. அதுவும் சீக்கிரம் தீர்ந்துபோச்சு. இறுதிப்போட்டிக்கு அதே மலிவு வகை டிக்கெட் 750 ரியால். முக்கால் மாசச் சம்பளம்.

டிக்கெட் கிடைக்காதவங்களுக்காக, தொழிலாளர்கள் தங்குற பகுதிக்குப் பக்கத்துல, ஏஷியன் டவுன் கிரிக்கெட் மைதானத்துல பெரிய திரை வெச்சு இலவசமா காட்டினாங்க. பாட்டு, டான்ஸ் எல்லாம் உண்டு, கூட்டமும் அள்ளுச்சு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லலை. ஆனா, இந்தியா, நேபாளம், வங்கதேசத்துலேருந்து வந்து, வெயில்ல நின்னு ஸ்டேடியம் கட்டினவங்கள்ல பல பேர், அதே ஸ்டேடியத்தை ஊருக்கு வெளியே திரையிலதான் பார்த்தாங்க. கட்டுமானத்துல எத்தனை உயிர் போச்சுங்கிற சர்ச்சை இன்னும் ஓயலை. ஃபேன் ஃபெஸ்டிவல் செல்ஃபிக்குப் பின்னாடி இதுவும் சேர்ந்ததுதான் அந்த உலகக் கோப்பை.

தோஹா மாதிரி இன்னொண்ணு அமையுறது கஷ்டம். 2026-க்கு 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூணு நாடுகள்ல 16 நகரங்கள்னு கணக்கே வேற. இவ்வளவு பெரிய போட்டியில உங்க அணி பின்னாடியே ஓடினா, பர்ஸ் காலி, பாதி நேரம் ஏர்போர்ட்ல. ஒரே ஊரைப் பிடிச்சு அங்கேயே தங்கிடுறது மேல். ஒண்ணு ரெண்டு மேட்ச்சுக்கு மட்டும் டிக்கெட் எடுங்க, மிச்சத்தைத் தெருவுல பாருங்க. ரசிகர்கள் தினமும் கூடுற ஒரு சந்தையோ, சதுக்கமோ அந்த ஊர்லயும் கண்டிப்பா இருக்கும். முதல் நாளே அதைக் கண்டுபிடிச்சிடுங்க.

டிசம்பர் 18 ராத்திரி. லுசைல் ஸ்டேடியத்துல 88,966 பேர் முன்னாடி அர்ஜென்டினா பெனால்டியில ஜெயிச்சது. அப்புறம் திறந்த பஸ்ல மெஸ்ஸி கோப்பையோட லுசைல் சாலையில வந்தப்போ, ரெண்டு பக்கமும் நின்ன கூட்டத்தை ஸ்டேடியம் கேட் மாதிரி யாரும் வடிகட்டலை. அடுத்த சில நாள்ல அர்ஜென்டினா கால்பந்து சங்கம் ட்விட்டர்ல ஒரு நன்றி போட்டது. வங்கதேசத்துக்கு நன்றி, அப்புறம் கேரளா, இந்தியா, பாகிஸ்தானுக்கும் நன்றின்னு. கேரளாவைத் தனியா, அதுவும் இந்தியாவுக்கு முன்னாடி!