வெயிலுக்கு ஒரு கூலிங்கிளாஸ்!

அரூர்லேருந்து தீர்த்தமலைக்கு கேமராவோடு கிளம்பும் நண்பரா நீங்க? உச்சி வெயிலில் ராமர் தீர்த்தத்தை வீடியோ எடுத்தால், விழுகிற தண்ணீர் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். பின்னணி மங்கலாகத் தெரிய எஃப் 2.8 வைத்தால், ஐ.எஸ்.ஓ. 100-லேயே ஷட்டர் 1/3200-க்கு ஓடிவிடும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50-தான் கண்ணுக்கு இதம். அதாவது, வெளிச்சத்தில் 64-ல் ஒரு பங்குதான் உள்ளே வரணும்.

இங்கேதான் வேரியபிள் என்.டி. ஃபில்டர். இரண்டு போலரைசர் கண்ணாடி; முன் வளையத்தைத் திருகத் திருக இருட்டு. பேராசையில் கடைசிவரை திருகினால், வைட் லென்ஸில் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி! கணக்கு வாத்தியார் போட்ட மாதிரி. முகூர்த்தத்துக்கு ரீடேக் ஏது?

அட்டையில் '400' என்று பார்த்து மயங்காதீங்க. கடைக்கு வெளியே வந்து, வைட் லென்ஸில் மாட்டி, வானத்தைப் பார்த்துத் திருகுங்க. வைட் லென்ஸுக்கு என் ஓட்டு, திருகவே முடியாத சாதா 64-க்குத்தான்.